வாடகைக் கூட்டம்

மூன்றாம் தளத்துக்குப் போகும் எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கடைகூட இல்லை, கரண்ட் தண்டம் என்று அதை நிறுத்தச் சொன்னதே அவள்தான். அந்தப் பிரம்மாண்டமான மாலில் காலிக் கடைகளுக்கு ஆள் பிடிப்பது அவள் வேலை. பாதிக்கு மேல் காலி என்பதால் அந்த வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது.

பின்னால் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பொம்மைக் கடை வைக்கப் போகிறார்களாம். அதற்காக இருவருமே பார்த்த வேலையை விட்டிருந்தார்கள். இவர்களிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். அத்தானுக்குச் செய்த பாவம் போதும்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். போன வருடம் அவர் இதே தளத்தில் கடை பார்க்க வந்த அன்று, கூலிக்கு ஆள் பிடித்து, ஆளுக்கொரு பையில் பழைய பேப்பரைத் திணித்துக் கொடுத்து, கடைகளில் சாமான் வாங்கி முடித்தவர்கள் போலத் தளம் முழுக்க நடக்கவிட்டாள். "அடேயப்பா, என்ன கூட்டம்மா!" என்று வாயைப் பிளந்தார். வெள்ளந்தி மனுஷன். கையெழுத்துப் போட்ட பிறகு கடையை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிக்கொண்டவர், பிணமாகத்தான் வெளியே வந்தார். கூட்டம் கூலிக்கு வந்தது அக்காவுக்குத் தெரியாது. இன்றும் இவள் தோளில்தான் சாய்ந்து அழுகிறாள்.

எஸ்கலேட்டர் மெல்ல ஏறியது. பூட்டிக் கிடந்த தளத்தின் புழுக்கமும் ஈரச் சுவரின் நெடியும் முதலில் முகத்தில் அடித்தன. அதற்கும் பின்னாலிருந்து, காய்ந்த சருகை யாரோ விடாமல் மிதிப்பது போல, பேப்பர் கசங்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

தளம் நிறைய ஜனம். எல்லோர் கையிலும் பை. இறக்கிய ஷட்டர்களைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பேச்சில்லை, காலடிச் சத்தமும் இல்லை.

"செம கூட்டம்!" என்றான் கணவன். "சாதாரண நாள்லயே இப்படின்னா, லீவு நாள்ல கேக்கவே வேணாம்."

அவள் இன்று யாரையும் கூப்பிடவில்லை.

"தினமும் இப்படித்தானா மேடம்?" என்று மனைவி கேட்டாள்.

இல்லை, ஓடிப்போய்விடுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

கூட்டம் நின்றது. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. சாம்பல் பூத்த முகங்கள். நடுவில் அத்தான்.

"தினமும் இப்படித்தான்," என்றாள்.

பயத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா? அவளுக்கே தெரியவில்லை. தன் நாக்கை நினைத்துக் கூசினாள்.

கூட்டம் மறுபடி நடந்தது. அத்தான் மட்டும் நேராக வந்தார். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம்பதியின் முன்னால் நின்றார். இரண்டு பைகளை நீட்டினார்.

"வேணாம்! வாங்காதீங்க!" என்று கத்தப் பார்த்தாள். இப்போது குரல் வரவில்லை.

"ஏதோ இலவசமாத் தர்றாங்க போல," என்று மனைவி சிரித்துக்கொண்டே ஒன்றை வாங்கினாள். "ஏங்க, இதுல வெயிட்டே இல்லையே!"

கணவனும் வாங்கினான்.

சிரிப்பு நின்றது. இருவரும் திரும்பினார்கள். நடந்தார்கள். கூட்டத்தோடு. ஷட்டர்களைப் பார்த்துப் பார்த்து. ஒரு சுற்று. மறு சுற்றில் அவளைக் கடந்தபோது, அந்தப் பெண்ணின் முகமும் சாம்பல் பூத்திருந்தது.