குண்டுக்கொட்டாயின் ஆறு மூட்டை மண்

1987 செப்டம்பர், திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. இடஒதுக்கீட்டு மறியலின் ஐந்தாம் நாள். ஆலத்தாங்கல் கந்தசாமியின் கொட்டகையில் உழவு மாடுகள் இரண்டும் கால் விறைத்துக் கிடந்தன. உடம்பில் காயமில்லை, வாயில் நுரையில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சாக்கு வாய் கிழிந்து கிடக்க, அதிலிருந்து மஞ்சள் பாரித்த மண் சரிந்திருந்தது.

அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்வராயன் மலையடிவாரத்தில், உலகச் சண்டையின்போது பட்டாளத்துக்காக வெடிமருந்து அடைத்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஊரார் வாயில் அது குண்டுக்கொட்டாய். மூடி நாற்பது வருஷமாகியும் மருந்து மண்ணை விடவில்லை. அங்கே மேய்ந்த ஆடு வீடு திரும்பாது. இரண்டு மாதமாகத்தான் அரசாங்கம் ஆள் வைத்து, விஷ மண்ணைச் சுரண்டிப் பச்சைச் சாக்கில் கட்டி வேலிக்குள் அடுக்கி வந்தது. அந்த வேலைக்குப் போனவர்களில் காலனித் தெருச் செவ்வந்தியும் ஒருத்தி.

எட்டரை மணிக்குக் கந்தசாமி வீட்டார் அவளைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் இருந்தது ஏட்டு கோகிலவாணி மட்டும்தான். மற்றவர்களெல்லாம் ரோட்டில் வெட்டிப் போட்ட மரங்களை அப்புறப்படுத்தப் போயிருந்தார்கள். பொம்பளை ஏட்டுக்கு இதுவரை யாரும் ஒரு கேஸைத் தனியாகக் கொடுத்ததில்லை. இன்றைக்குக் கொடுக்க யாரும் இல்லாததால் வந்து சேர்ந்தது.

"எங்க கயனிக்குக் களையெடுக்க வான்னா வர மாட்டேன்னா. இப்ப வெசத்தக் கொண்டாந்து கொட்டிட்டா," என்றார் கந்தசாமி. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, விரலால் சுண்ணாம்பைத் தடவி, மிச்சத்தை உள்ளங்கையிலேயே தேய்த்துக்கொண்டார்.

"கையெல்லாம் இன்னா மஞ்சளா கீது?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"தங்கச்சி மவளுக்கு சடங்கு. ரெண்டு நாளா வூட்ல மஞ்சா இடிச்சிக்கினு இருக்கோம்."

"ஆம்பளைங்க கூடவா?"

"ஏன், இடிச்சா கை தேஞ்சிடுமா?"

கந்தசாமியின் தம்பி ராசு குறுக்கே வந்தான். "ஏட்டம்மா, அஞ்சு மணிக்குள்ள இவ மேல கேஸ் போடணும். இல்லன்னா காலனியில ஒரு கூரை மிஞ்சாது. சொல்லிட்டேன்."

அவர்கள் போன பிறகு கோகிலவாணி பெஞ்சில் செவ்வந்திக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்ப வேலைக்குப் போன?"

"மறியலுக்கு மொத நாளும்மா. அன்னிக்கே கேட்டப் பூட்டிட்டாங்க."

"சாவி?"

"இஞ்சினீரு கிட்ட. அவரு கள்ளக்குறிச்சில மாட்டிக்கினாரு."

"அந்த மண்ண எப்படி அள்ளுவீங்க?"

"ரப்பர் கையொறை போட்டுத்தான். சாயங்காலம் ஆனா எண்ணி வாங்கி பொட்டியில பூட்டிருவாரு. வெறுங்கையால தொட்டா கறை ஒரு வாரத்துக்குப் போவாது. சோப்பு, சீயக்கா எதுக்கும் மசியாது."

"கையக் காட்டு."

செவ்வந்தி காட்டினாள். காய்ப்புக் காய்த்த கை, கறை இல்லை.

பதினொரு மணிக்குக் குண்டுக்கொட்டாய். காவல்காரர் சின்னக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"வேலி அறுத்திருக்கே, எப்ப?"

"பூட்டின அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பால மூணு நாளு... மறியல் பாக்கப் போயிட்டேன்மா. மூட்டையில ஆறு கம்மி."

அறுந்த கம்பிக்கு அருகே மாட்டுவண்டித் தடம். கையுறைப் பெட்டியில் இஞ்சினியரின் பூட்டு அப்படியே தொங்கியது.

பகல் ஒன்றரைக்கு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பிச்சைமுத்து கந்தசாமியின் கொட்டகைக்கு வந்தார். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி வந்ததில் சட்டை பிழியலாம் போலிருந்தது. மாட்டை அறுத்துப் பார்த்தார்.

"ரத்தம் காபித்தண்ணி கலர்ல கீதுங்க. பூச்சிமருந்துன்னா நுரை தள்ளியிருக்கும். இது வெடியுப்பு. உப்புக் கரிக்குதேன்னு நக்கியிருக்கு, பாவம்."

"தொட்டியில?"

"சுத்தமா கீது. சாக்கத்தான் நக்கியிருக்கு."

நாலே முக்காலுக்கே கூட்டம் வந்துவிட்டது. ராசுவின் கையில் கிருஷ்ணாயில் டின். கோகிலவாணி ஸ்டேஷன் வாசலில் மேசையைப் போட்டுக் காத்திருந்தாள். அதன் மேல் கொஞ்சம் மஞ்சள்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு.

"வேலி அறுந்தது கேட் பூட்டின பிற்பாடு. அப்ப கையொறை பொட்டிக்குள்ள. ஆக, ஆறு மூட்டையத் தூக்கினவன் வெறுங்கையாலதான் தூக்கியிருக்கணும். செவ்வந்தி கையில கறை இல்ல. இன்னிக்கு நான் பாத்த மஞ்சக் கை ஒண்ணே ஒண்ணுதான்."

"அது மஞ்சான்னு காலையிலயே சொன்னேனே!" என்றார் கந்தசாமி.

கோகிலவாணி மஞ்சளைத் தன் உள்ளங்கையில் குழைத்து, மேலே சுண்ணாம்பைத் தேய்த்து உயர்த்திக் காட்டினாள். ஆரத்தித் தட்டுப் போலச் செக்கச்செவேல் என்றிருந்தது.

"காலையில என் எதிர்லயே அந்தக் கையில சுண்ணாம்பு தேச்சீங்க. ரெண்டு நாளு மஞ்சா இடிச்ச கை ஏங்க செவக்கல? எங்க, இப்பவும் தேய்ங்க. ஊரே பாக்கட்டும்."

கந்தசாமி கையை வேட்டிக்குள் மறைத்தார். மறைத்ததே போதுமானதாக இருந்தது.

"மறியலால யூரியா லாரி வரல," என்றார் கடைசியில். "கரும்பு வெளுத்துப் போச்சு. ஒரத்துல இருக்கிற உப்புத்தான் இந்த மண்ணுலயும்னு போன மாசம் டீக்கடையில இஞ்சினீரு சொன்னாரு. ஜாஸ்தி இருந்தா நல்லதுதானேன்னு... மாடு செத்ததும் பயந்துட்டேன். வேலி அறுத்தவன்னு உள்ள தள்ளிருவாங்களேன்னு இவ மேல போட்டேன்."

"மீதி அஞ்சு மூட்டை?"

"கரும்புல தூவிட்டேன். கெணத்தடிக் கயனியில."

அந்தக் கிணற்றில்தான் ஊர்த்தெரு முழுக்கக் குடிதண்ணீர் எடுத்தது. பெஞ்சிலிருந்து செவ்வந்தி எழுந்து வந்தாள்.

"தண்ணி பாய்ச்சினீங்களா?"

"இல்ல. நாலு நாளா கரண்டு இல்ல."

"அப்ப மேலயேதான் நிக்கும். மழை வர்றதுக்குள்ள வெட்டி எடுத்துரணும். ஏட்டம்மா, அந்தக் கையொறைப் பொட்டிய ஒடைங்க." பிறகு ராசுவின் பக்கம் திரும்பினாள். "கிருஷ்ணாயில் டின்ன கீழ வெச்சிட்டு மம்பட்டி எடுங்கண்ணா. ஒரு சாண் ஆழம். கம்மியா வெட்டினா திரும்ப வெட்டச் சொல்லுவேன்."

ராசு டின்னைக் கீழே வைத்தான்.