வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

செவ்வாயின் நிலத்தடிக் குடியிருப்பில் யாருக்கும் வழி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. பிறந்ததுமே காதுக்குப் பின்னால் பொருத்திவிடும் வழிச்சொல்லி, வலப்பக்கம் திரும்பு, நேரே போ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கும். குறுகலான சுரங்கப்பாதைகளில் நெரிசல் ஆகாது என்று ஒவ்வொருவரையும் ஆளில்லாத பாதையாகப் பார்த்து அனுப்பும். அதனால் யாழிசை வேலைக்குப் போய் வரும்போது எதிரே ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அம்மா இறந்த பிறகு அவளோடு பேச அந்தக் கருவியை விட்டால் வேறு குரல் கிடையாது.

ஒரு புழுதிப்புயலில் அதுவும் ஊமையானது. கருவி சரியாகும்வரை பார்த்து நடந்துகொள்ளும்படி, நிர்வாகம் எல்லோருடைய கைத்திரைக்கும் குடியிருப்பின் வரைபடத்தை அனுப்பிவைத்தது. யாழிசைக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மூலையிலிருந்த அம்புக்குறி வடக்கைக் காட்டுகிறது, நீலக்கோடு காற்றுக்குழாய், சிறுவட்டம் வீடு என்று மெல்ல மெல்லப் புரிந்தது. தன் வட்டத்தைக் கண்டுபிடித்தபோது திடுக்கிட்டாள். அதை ஒட்டியே இன்னொரு வட்டம். அவள் தலைவைத்துப் படுக்கும் சுவருக்கு மறுபுறம் யாரோ இருந்திருக்கிறார்கள், இத்தனை வருஷமாக.

அன்றே கிளம்பினாள். இரண்டு முறை தவறான வளைவில் போய் முட்டினாள். பிறகு, வரைபடத்தின் வடக்கும் சுரங்கச் சுவரில் பொறித்திருந்த வடக்குக் குறியும் ஒத்துப்போகும்படி கைத்திரையைத் திருப்பிப் பிடித்ததும் பாதை நேரானது. சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் சௌந்தரவல்லி. வயதானவர், தனிக்கட்டை. பக்கத்து வீட்டுப் பெண் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுவருக்கு அப்பால் இருமல் சத்தம் கேட்கும்போதெல்லாம் காற்றுக்குழாய் என்றே நினைத்தாராம். கையைப் பிடித்து உட்காரவைத்தார். தினமும் சாப்பிட வந்துவிடவேண்டும் என்றார். தேநீருக்கு இரண்டு குவளைகளை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"பூமியில உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"நான் இங்கயே பொறந்தவம்மா. எங்க தாத்தாவுக்குத் தாழைமேடுன்னு சொல்வாங்க."

"தாழைமேடா? எங்களுக்கும் அதாம்மா ஊரு."

அவரும் பூமியைப் பார்த்தவர் இல்லை. தாழைமேட்டைக் கடல் கொண்டுபோய் மூன்று தலைமுறை ஆகிறது. ஆனாலும் அதன் ஒளிவரைபடத்தைக் குடும்பச் சொத்தாக வைத்திருந்தார். சுவரில் அதை விரித்தார். குளம், கோயில், கோயிலைச் சுற்றி நான்கு தெருக்கள்.

"உங்க வீடு எங்கன்னு காட்டு, பாப்போம்."

யாழிசைக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்றைக்குத்தான் கற்ற வித்தை. வடக்கைப் பார்த்துக்கொண்டாள். அம்மா சொன்னதை நினைத்துக் கோயிலிலிருந்து கிழக்கே விரலை நகர்த்தினாள். தெருக்களைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, தனியாக ஒதுங்கி நெருக்கியடித்துக் கிடந்த வீடுகளின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கதாம்மா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

"ஓ, அங்கயா," என்றார் சௌந்தரவல்லி.

வரைபடம் அணைந்தது. ஒரு குவளை அலமாரிக்குள் திரும்பிப் போனது. தண்ணீர்ப் பங்கீடு தீர்ந்துவிட்டதாகவும், தனக்குக் கொஞ்சம் படுக்கவேண்டும்போல இருப்பதாகவும் அவர் மரியாதையாகவே சொன்னார். யாழிசைக்கு என்ன தவறு செய்தோம் என்று விளங்கவில்லை. வாசல்வரை வந்து, திரும்பிப் போக வழி தெரியுமா என்றுகூட விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். மறுபுறம் கனமான எதையோ இழுக்கும் சத்தம். ஒரு கட்டில், சுவரைவிட்டு விலகி, அறையின் அடுத்த கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது.