ஆற்றுப் பக்கச் சாய்வு

கோப்பையில் தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நெவில் கோப்பையைத் திருப்பி வைத்துப் பார்த்தான். இப்போதும் ஆற்றுப் பக்க விளிம்பில்தான் தேநீர் ஏறியிருந்தது. எதிர்ப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை எனாமல் தெரிந்தது. ரசமட்டத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. தரை சமம், காரில் இழுத்து வந்து நிறுத்திய கேரவனும் சமம். தேநீர் மட்டும் லாக்லன் ஆற்றை நோக்கிச் சாய்ந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி ரெயிலீனிடம் காட்டினான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆறிப்போவதற்குள் குடிக்கச் சொன்னாள்.

ஆற்று வளைவில் இருக்கும் பெரிய தைல மரத்தடிக்கு எவரும் வாடகை கேட்பதில்லை. முதலில் வருகிறவருக்கு நிழல், அவ்வளவுதான். போன ஈஸ்டருக்கு முந்தைய ஈஸ்டரில் அந்த நிழல் பெவர்லிக்குக் கிடைத்திருந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ், புருஷன் போனபின் ஒரு சின்னப் பழைய கேரவனைத் தனியாக இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவள். பக்கத்தில் முகாம் போட்டிருந்த நெவிலின் ஜெனரேட்டர் சத்தம் பொறுக்காமல், எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "டிவியும் ஃபிரிட்ஜும் இல்லாம இருக்க முடியலைன்னா வீட்டுலயே கிடந்திருக்கலாமேப்பா. பாவம், இந்தப் பறவைங்க என்ன பண்ணுச்சு?" எல்லோரும் சிரித்தார்கள். ரெயிலீனும் சிரித்தாள்.

அன்று எல்லோரும் தூங்கியபின் அவன் எழுந்து போய் அவள் கேரவனின் சக்கர முட்டுக்கட்டையை உருவினான். வெளியே கொக்கியருகே இருந்த ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தினான். கொஞ்சம் உருண்டால் கிழவி அலறிக்கொண்டு எழுவாள் என்றுதான் நினைத்தான். அவள் கரையின் சரிவில் நிறுத்தியிருந்தாள். கேரவன் கதவுப் பக்கமாகக் கவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது; உள்ளே இருந்தவளால் வெளியே வர முடியவில்லை. மரண விசாரணையில் பிரேக் கம்பி துருப்பிடித்திருந்ததாக முடித்துவிட்டார்கள்.

இந்த முறை இங்கேதான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் ரெயிலீன். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. சரிவை விட்டு நன்றாகத் தள்ளி, மேட்டுத் தரையில்தான் வண்டியை நிறுத்தினான்.

வெயில் தாழ்ந்தது. இந்த நேரத்தில் மரம் முழுக்க வெள்ளைக் கொண்டைக்கிளிகள் வந்து அடைந்து காது கிழியக் கத்தும். இன்று கிளைகள் வெறுமனே நின்றன. நாள்பட்ட ஈரத்துணியும் சேறும் கலந்த வாடை ஜன்னல் வலை வழியாக மெல்ல உள்ளே ஊறி, மெத்தையிலும் ரொட்டியிலும் அவன் சட்டைக் காலரிலும் தங்கியது. தரைக்கு அடியில் எதையோ அரைப்பது போல ஒரு சத்தம், வருவதும் நிற்பதுமாக இருந்தது.

விறகு பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த வாலி, கீழ் வளைவில் முகாம் போட்டிருப்பவர், நின்று குரல் கொடுத்தார். "தலைவரே, வண்டியைக் கொஞ்சம் மேல ஏத்திப் போடுங்க. என்ன, படுக்கையிலேருந்தே தூண்டில் போடலாம்னு பார்க்கறீங்களா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நெவில் வெளியே இறங்கினான். கேரவன் வாசலில் போட்ட மடக்கு நாற்காலிகள் எங்கோ பின்னால், மேட்டில் கிடந்தன. முட்டுக்கட்டைகள் சக்கரத்தோடு இறுகிப் பொருந்தியிருந்தன. ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்தபடி இருந்தது. சக்கரங்களுக்குப் பின்னால் புல் கிழிந்து, ஏர் ஓட்டியதுபோல இரண்டு சால்கள். சக்கரம் உருளவில்லை. வண்டியை யாரோ இழுத்திருக்கிறார்கள்.

உள்ளே ஓடினான். உடனே கிளம்ப வேண்டும் என்றான். ரெயிலீன் மேசையை விட்டு எழவில்லை.

"அன்னிக்கு நீ எழுந்து வெளிய போனே, நெவ். நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

"விசாரணையில நீ என் பக்கத்துல தூங்கிட்டிருந்தேன்னு சொன்னேன். பைபிள் மேல கை வெச்சு. அதிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

"எனக்காகத்தானே சொன்னே? இப்ப எதுக்கு அதைக் கிளறுறே?"

"உனக்காகத்தான். அதனாலதான் அவ முதல்ல என்கிட்ட வந்தா." ரெயிலீன் தன் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். மெத்தை நனைந்து கறுத்திருந்தது. "நீ போய்க் காரை மாட்டு. முடிஞ்சா."

அவன் காரைப் பின்னுக்கு எடுத்து வந்தான். கேரவனின் கொக்கியை மாட்ட இறங்கினான். கையை நீட்டினான். கொக்கி விலகியது. ஒரு அடி. இன்னொரு அடி.

இரண்டு கைகளாலும் பிடித்தான். குதிகாலை ஊன்றி இழுத்தான். இரும்பு உள்ளங்கையைக் கிழித்தது. ரெயிலீனைக் கத்திக் கூப்பிட்டான். குதிக்கச் சொன்னான். கதவு திறக்கவில்லை. சக்கரங்கள் சுழலவே இல்லை. மண் அரைபட்டது. கரை வந்தது. கை நழுவியது.

கேரவன் கவிழவில்லை. நிமிர்ந்தபடியே, படகு இறங்குவதுபோல, பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கியது. ஜன்னல் மூழ்கியது. கூரை மூழ்கியது. உள்விளக்கு அணையவில்லை.

நெவில் கரையோரச் சேற்றில் நின்றான். தண்ணீருக்கு அடியில் மஞ்சள் ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ரெயிலீன். அவள் தலைமுடி மேல்நோக்கி மிதந்தது. கண் திறந்திருந்தது. அவள் தோளோடு தோள் ஒட்டி இன்னொருத்தி. நரைத்த தலை. வாய் நிறைய மண்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் இருக்கையில் ஒதுங்கி, ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.

அவன் திரும்பி ஓட நினைத்தான். கால் அசையவில்லை. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

இடுப்புக்கு வந்தது.

அவனுக்குப் பின்னால், கரைச் சேற்றில், இரண்டு குதிகால்கள் கிழித்த இரண்டு கோடுகள் நீண்டுகொண்டே போயின.