இரண்டு மரம், ஒரு ஹேமக், ஒரு கொலைகாரி!

மரத்தடியில் கிடந்த பிணம் போனை எடுத்துப் பேசியது!

"ஹலோ... போலீஸா? என்னைக் கொலை பண்ணிட்டாங்க! சீக்கிரம் வாங்க!"

"யார் பேசறது?"

"செத்தவன்தான் பேசறேன்! ஐயோ... இடுப்பு!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விரட்டிக்கொண்டு கூடாரம் அடித்துத் தங்கும் அந்த முகாம் மைதானத்துக்கு வந்தபோது, பிணம் நைலான் துணிக்குள் பொட்டலமாகச் சுருண்டு முனகிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மனைவி ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். துளி கண்ணீர் இல்லை!

"இவதான் சார்! பிடிங்க!" புருஷன் அலறினான். "ரெண்டு மரத்துக்கு நடுவுல ஹேமக்கை, அதான் சார் தூளி மாதிரி தொங்குற படுக்கையை, கட்டிட்டு நிம்மதியா படுத்தேன். இவ மரத்துகிட்ட வந்து நின்னா. அடுத்த நிமிஷம்... டமால்! விழுந்ததும் சிரிச்சா சார்!"

"சிரிச்சது நிஜம்தான் சார்," என்றாள் அவள்.

கல்நெஞ்சக்காரி!

இன்ஸ்பெக்டர் இடது மரத்தைப் பார்த்தார். அகலமான நைலான் பட்டை ஒன்று மரத்தைச் சுற்றியிருந்தது. அதில் ஓர் இரும்புக் கொக்கி. கொக்கி வாயின் திருகு இறுக்கமாக மூடியிருந்தது. ஹேமக்கின் ஒரு முனை இன்னும் அதில்தான் தொங்கியது.

"இதை மாட்டினது யாரு?"

"நான்தான் சார். அந்தப் பக்கத்துக்கும் பட்டை, கொக்கி எல்லாம் எடுத்து வெச்சேன். வேணாம்னுட்டாரு."

வலது மரத்தடியில் வெறும் கயிறு. அறுபடவில்லை. அவிழ்ந்திருந்தது!

"இந்த முடிச்சு?"

"நான் போட்டது!" புருஷன் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. "பல வருஷமா முடிச்சுதான் சார் எனக்குச் சோறு போடுது! அது தானா அவிழுமா? இவதான் அவிழ்த்திருக்கா!"

கப்பல்காரன் போலிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். விலங்கை உருவினார்.

"ஏறும்மா ஜீப்புல!"

ஆப்பிள் கீழே விழுந்தது. அவள் உண்மையிலேயே பயந்துவிட்டாள். புருஷனைப் பார்த்தாள்... கயிற்றைப் பார்த்தாள்... திடீரென்று ஏதோ புரிந்தது.

"சார், ஒரே ஒரு உதவி. அதே முடிச்சை மறுபடி போடச் சொல்லுங்க. நீங்க படுத்துப் பாருங்க. நான் ஜீப்புகிட்டயே நிக்கறேன்."

புருஷன் நொண்டிக்கொண்டு எழுந்தான். கை தன்பாட்டுக்கு ஓடியது. சுற்றினான், வளைத்தான், நுனியை நுழைத்தான், இறுக்கினான். கண்ணுக்கு அத்தனை லட்சணமான முடிச்சு!

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார்.

டமால்...!

"யோவ்!" தரையிலிருந்து குரல் வந்தது. "நீ என்னய்யா தொழில் பண்றே?"

"மேஜிக் ஷோ சார்..." அவன் இன்ஸ்பெக்டரின் தொப்பியை எடுத்து நீட்டினான். "என் முடிச்சு தானா அவிழ்ந்தாத்தான் சார் கை தட்டுவாங்க. பழக்கதோஷம்... இங்கயும் கை அதையே போட்டுடுச்சு!"

"அதுக்குப் பொண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியா?"

அவள் ஆப்பிளைப் பொறுக்கி, துடைத்து, ஒரு கடி கடித்தாள்.

"விடுங்க சார். இவரு மேடையில தினமும் என்னைப் பெட்டியில போட்டு ரெண்டா அறுக்கறாரு. ஒரு தடவையாவது உங்களுக்குப் போன் பண்ணியிருப்பேனா?"