நாற்பத்து நான்கு நிமிடம்

மருந்து அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளி சரவணமுத்து. அவருடைய மருமகன் கலைமணி. முட்டை பொறுக்கும் அங்கம்மாள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய விசாரணையாளர் கரீம் பாஷா. அவருடைய உதவியாளர் பிரவீனா. பண்ணையிலேயே ஏசி உள்ள அறை அது ஒன்றுதான்.

செவ்வாய் மதியம் 3.20க்கு யாரோ மருந்துக் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். பெட்டியின் வெப்பநிலைக் கருவி அந்த நேரத்தைப் பதிவுசெய்துவிட்டு நின்றிருந்தது. கோழிகளுக்குப் போடவிருந்த வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி மொத்தமும் பாழ். பிளக் இருந்த இடத்தில் ஒரு போன் சார்ஜர் தொங்கியது. அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அங்கம்மாளிடம், மற்றது கலைமணியிடம்.

"இவதானுங்க பாய். பொழுது சாயறதுக்குள்ள பண்ணை லைன் ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டேன்," என்றார் சரவணமுத்து.

"நாந் தொடலீங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவேன்?" என்றாள் அங்கம்மாள்.

கரீம் பாஷா அவளுடைய பட்டன் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி அப்போ எங்கே?" என்று கலைமணியிடம் கேட்டார்.

"பாண்டிச்சேரிங்க. மாமா வேலையாத்தான். சேலத்துல மூணு மணிக்கு பிளைட்டு. நாப்பத்து நாலு நிமிசம், எறங்கிட்டேன். முன்னாடி சீட்டு, மொத ஆளா எறங்குனது நாந்தான்."

"டிக்கெட்?"

"போன்ல இருந்துச்சு. அழிஞ்சு போச்சுங்க."

பிரவீனா அதற்குள் கைபேசியில் தேடிவிட்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "சார், சரியா இருக்கு! நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாப்பத்து நாலு நிமிஷம்!"

"அதேதான். நீ பார்த்த இணையப் பக்கத்தைத்தான் இவரும் பார்த்திருக்கார்," என்றார் கரீம் பாஷா.

பிரவீனாவின் முகம் சுருங்கியது.

"அந்தப் பக்கத்துக்குத் தெரிஞ்சது தூரம் மட்டும்தான். ரெண்டு ஊருக்கும் நேர்கோடு போடும், பெரிய ஜெட்டோட வேகத்தால வகுக்கும், ஏறி இறங்க அரை மணி சேர்த்துக்கும். விமானம் ஓடுதா இல்லையான்னு அதுக்குக் கவலை இல்ல. சேலத்திலிருந்து பாண்டிக்கு நேர் விமானமே கிடையாது. பெங்களூரு போய் மாறணும். நிஜமா போனவன் காத்துக் கிடந்த கதையைத்தான் முதல்ல சொல்லுவான்."

"பாய், அது வந்துங்க..."

"இன்னும் இருக்கு. சேலத்துக்கு வர்றது விசிறி வெச்ச சின்ன விமானம். அதுக்கு வாசல் பின்னாடி. முன் சீட்டுக்காரன் கடைசியாத்தான் இறங்குவான்." அவர் சார்ஜரை உருவிக் கலைமணியின் கையிலிருந்த போனில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. "அந்த அம்மா போன்ல இது நுழையவே நுழையாது. ஏசில படுத்துத் தூங்கணும், போனும் சார்ஜ் ஏறணும். அதுக்கு இத்தனை கோழி உயிரையும் ஒரு பொம்பளை வீட்டையும் பணயம் வெச்சிருக்கீங்க."



"மருமவன் பிளைட்டுல போறான்னு ஊரெல்லாம் பீத்துனேனே! தூ!" என்றார் சரவணமுத்து. "சாவிய அவகிட்டக் குடுத்துட்டு வெளிய போ!"

அங்கம்மாளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைக் காட்டினாள்.

"வெரசாப் போங்க சாமி. பிளைட்டு உட்டுப்போட்டுப் போயிரும்."

கலைமணி படியிறங்கியதும் கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு முறை திருப்பினாள்.