ஒரு கையில் மட்டும் ஊசி

செத்துப்போனவளின் செல்போன் அடித்தது!

உம்மாவை அடக்கம் செய்துவிட்டு அப்போதுதான் அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்ட் நகரத்து வீட்டுக்குள் நுழைந்திருந்தான் ஹசன்.

எடுத்தான். ஏதோ பார்மசி. இயந்திரக் குரல். பத்ருன்னிசா அவர்களே, போன மாதம் எங்களிடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டதற்கு நன்றி...

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஃப்ளூ ஊசியா...? உம்மாவுக்கா...?

அதைப் போட்டால் கொரோனா தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் வீடியோ மேல் வீடியோவாகத் தட்டிவிட்டவனே அவன்தான். ஊசிப் பக்கமே யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தான்.

கடைசியில் உம்மாவைக் கொண்டுபோனது அதே கொரோனா!

அப்படியானால் இது சாவு இல்லை. கொலை!

உம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. இந்த ஊரில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. யாரோ கூட்டிப் போயிருக்கிறார்கள். யார்...?

சமையலறையில் அவன் மனைவி இஸ்ரத், அழுது வீங்கிய கண்களோடு நின்றிருந்தாள்.

"உம்மாவை பார்மசிக்கு யாரு டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

"அப்ப நீதான் கொன்னுட்டே."

அவள் கோபப்படவில்லை. ஃப்ளூ ஊசியால் கொரோனா வராது, ஆஸ்பத்திரி டாக்டரிடமே கேட்டுவிட்டேன் என்றாள். அது கொரோனாவுக்கான ஊசியும் இல்லையாம். ஃப்ளூவுக்கு மட்டும்தானாம். கொரோனாவுக்குத் தனி ஊசி.

"அப்ப அதையும் போட்டிருக்க வேண்டியதுதானே?" என்று இரைந்தான் ஹசன்.

"ரெண்டும் போட்டுக்கத்தான் வந்தாங்க. ஒரு கையில போட்டாச்சு. அடுத்த கையைக் கேக்கறப்ப மாமி முந்தானையை இழுத்து மூடிக்கிட்டாங்க."

"ஏன்...?"

"'எம் புள்ளைக்குத் தெரியாம ஒண்ணு போட்டதே மனசை உறுத்துது, இதையாவது அவன்கிட்ட கேட்டுட்டுப் போட்டுக்கறேன்'னாங்க."



அன்று சாப்பாட்டு மேஜையில், கொரோனா ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்று உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது ஹசனுக்கு நினைவுக்கு வந்தது. லேப்டாப்பிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் அவன் சொன்ன பதிலும்.

'சும்மா இருங்க உம்மா. அதெல்லாம் வேணாம்.'

சும்மா இருந்துவிட்டாள். இந்தத் தடவை மகன் பேச்சை அப்படியே கேட்டுக்கொண்டாள்.

"போட்டிருந்தா... பொழைச்சிருப்பாங்களா?"

"கேட்டேன். நிச்சயமா சொல்ல முடியாதாம். ஒரு சான்ஸ் இருந்திருக்கும்னார் டாக்டர்."

ஹசன் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இஸ்ரத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கொலையாளி வீட்டுக்குள்ளேயே அகப்பட்டுவிட்டான்... டெக்சாஸ் போலீஸுக்கு ஒரு வேலை மிச்சம்!