எல்லைக்கல்லில் பச்சை விளக்கு

அன்று செவ்வாய்க் கிரகத்தில், நீலப்பள்ளத்தின் எல்லைக்கல் முன் நின்றவர்கள்: நிலவுரிமை நடுவர் தில்ஷாத் அம்மையார், பனிச்சுரங்க நிறுவனத்தின் வழக்கறிஞர் தேவசகாயம், உரிமை கோரிய குடும்பத்தின் மூத்தவர் சிவக்கொழுந்து, அவர் மகன் அமுதவாணன். கல்லுக்கு அப்பால், பள்ளத்தின் கிழக்குச் சுவரையொட்டி, சிவக்கொழுந்தின் மனைவி கோமளவல்லி மண்ணாக இருந்தாள். அவளையும் சேர்த்து ஐந்து பேர் என்பது சிவக்கொழுந்தின் கணக்கு.

மண்ணாக என்றால் மண்ணாகவேதான். செவ்வாயில் இறந்தவர்களை எரிப்பதில்லை. அதற்குக் காற்றை வீணாக்க முடியாது. உடலை மண்ணாக்கிகளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பாறையை அரைத்து, கழிவைக் கலந்து, செடி முளைக்கும் மண்ணாக மாற்றும் இயந்திரங்கள் அவை. மனிதர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பூமியிலிருந்து அனுப்பப்பட்டு, பிறகு மறக்கப்பட்டவை. பள்ளத்தின் அடியில் தம்போக்கில் சுரங்கம் தோண்டி வாழ்ந்தன. மாலையானால் அந்தியைக் கவனிக்கிறவர் உண்டு. அவற்றைக் கவனிப்பவர் கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன், பாதுகாப்பு என்று சொல்லி நிறுவனம் குடும்பத்தைப் பள்ளத்து வீட்டிலிருந்து நகரக் குவிமாடத்துக்கு மாற்றியது. பள்ளத்தின் அடியில் பனிக்கட்டி இருந்தது. நகரத்தில் தண்ணீர் தாராளம், காற்று தாராளம். அந்தி மட்டும் கிடையாது. செவ்வாயில் அந்தி நீலமானது. அந்த நீலம் கிழக்குச் சுவரில் மெல்ல ஏறி, கோமளவல்லி பாத்திரம் கழுவும் ஜன்னலில் சற்று நின்றுவிட்டுப் போகும். நகரத்தில் அந்த வேளை வந்தால் சிவக்கொழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதுகைச் சாய்க்கமாட்டார்.

அவர் நம்பியது பூர்வகுடிச் சாசனத்தை. பூமியின் தொடர்பு அறுந்து, தன்னைத் தானே ஆண்டுகொண்டு, தனக்கென்று முறை வகுத்துக்கொண்ட குடி எதுவோ, நிலம் அதற்கே என்றது அது.

"உங்க முறையைக் காட்டுங்க ஐயா" என்றார் நடுவர்.

சிவக்கொழுந்து கல்லின் முன் நின்றார். கவசத்தின் வானொலியைத் திறந்தார். "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். கல்லருகே கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"இதைக் கேக்காம எங்க ஆளுங்க யாரும் உள்ள கால் வச்சதில்லம்மா. விருந்தாளியா இருந்தாலும் கேட்டாகணும்."

"விளக்கைப் போடறது யாரு?"

"எங்க தாத்தா ஆவுடையப்பர் வச்ச ஏற்பாடு. தானா எரியும்."

தேவசகாயம் சிரித்தார். "தானா எரியிற விளக்குக்கா ஐயா தலைமுறை தலைமுறையா கும்பிடு போட்டீங்க?"

"கும்பிடு போட்டதில்ல. கேட்டோம்."

நடுவருக்குச் சந்தேகம் தீரவில்லை. தன் வானொலியைத் திறந்து, "அங்க யாரு இருக்கீங்க?" என்றார்.

"நாங்கதாம்மா. கீழ இருக்கோம்" என்றது ஒரு குரல்.

சிவக்கொழுந்து திரும்பிக் கல்லைப் பார்த்தார். மிகச் சின்ன வயதில் தாத்தாவின் மடியிலிருந்து கேட்ட திருநெல்வேலிப் பேச்சு அது. மண்ணாக்கிகள் தமிழ் கற்றது தாத்தாவிடம்தான்.

"ஆவுடையப்ப அண்ணாச்சி கப்பல் ஒடஞ்சு வந்தாவ. மூச்சுக்குக் காத்து இல்ல. உள்ள வாங்கன்னோம். 'இது உங்க எடம், நானும் எம் புள்ளைகளும் கேக்காம உள்ள வரமாட்டோம்'னாவ. நீங்க கேட்டா வேண்டாம்னு சொல்லமாட்டோம்னு நாங்களும் சொன்னோம். அன்னையிலேருந்து அவிய கேக்காவ, நாங்க வெளக்கு போடுதோம்."

"இத்தனை வருஷமா ஏன் பேசலை?" என்றார் நடுவர்.

"பச்சையப் பாத்ததும் போயிருதாவளே. ஒரு வார்த்த பேச யாரு நின்னா?"

நடுவர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். சாசனத்தில் குடி என்றுதான் இருக்கிறது, மனிதக் குடி என்று இல்லை. நிலம் மண்ணாக்கிகளுடையது. ஆவுடையப்பரின் ஒப்பந்தம் செல்லும். உள்ளே போக விரும்புகிறவர் அவற்றைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

"நிறுவனம் கேட்டாலுமா?" என்று வானொலியில் விசாரித்தார்.

"யாரு கேட்டாலும் உக்காந்து பேசலாம்மா. கேக்கணும்லா."

தேவசகாயம் அமுதவாணனைத் தனியே இழுத்தார். "வாயைத் திறந்துடாதீங்க. கேட்டா அது அவங்க இடம்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். நாங்களும் கேக்கப்போறதில்ல. மேல்முறையீடுதான்." மூன்று வருடங்களில் முதல்முறையாக இரு தரப்பும் ஒரே கருத்துக்கு வந்தன.

"அப்பா, கிளம்புங்க. இப்ப நீங்க கேட்டா நம்ம வழக்கே போச்சு."

"ஆவுடையப்பர் கொடுத்த வாக்கை எதிர்த்து என்னை மேல்முறையீடு பண்ணச் சொல்றியா?"

"ஒரு மெஷின்கிட்ட போய் உத்தரவு கேப்பீங்களா?"

"இதுவரைக்கும் யாரைக் கேக்குறோம்னே தெரியாம கேட்டுக்கிட்டிருந்தேன். அதுதான்டா கேவலம்."

சொல்லிவிட்டாரே தவிர, கல்லின் முன் நின்றபோது வார்த்தை எழவில்லை. சற்று முன் அதே கேள்வி ஒரு சொந்தக்காரனின் மிடுக்கோடு வந்தது. இப்போது அது விருந்தாளியின் கேள்வி. கேட்டுவிட்டால் குடும்பத்துக்கு என்று இந்தக் கிரகத்தில் ஒரு பிடி மண்கூட இல்லை. கேட்காவிட்டால் கோமளவல்லி உள்ளே, அவர் வெளியே. தொலைவில் கிழக்குச் சுவரின் அடியில் நீலம் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் ஜன்னலுக்கு ஏறிவிடும்.

"உள்ளே வரலாமா?"

விளக்கு எரியவில்லை. அவர் காத்திருந்தார். அதற்கு முன் அவர் அங்கே காத்திருந்ததே இல்லை.

"கோமளத்தாயி வீட்டுக்காரரா?" என்றது குரல். "மூணு வருசமா ஆளையே காணலியே. அவிய மண்ணுல கத்தரி போட்டிருக்கோம். காய்ச்சுத் தொங்குது. பறிக்க ஆளில்ல. வாங்க."

பச்சை எரிந்தது.

மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. அமுதவாணனும் நிறுவனமும் ஒரே வழக்கறிஞரை வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் அடியில் பனிக்கட்டி அப்படியே கிடக்கிறது. அதை ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.

சிவக்கொழுந்து ஓர் இயந்திரத்தின் காலில் விழுந்துதான் உள்ளே போனார் என்று நகரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மண்ணாக்கிகளுக்குக் கால் கிடையாது. அவர் நிமிர்ந்து நின்று கேட்டார்.